எந்த ஹோம் நல்ல ஹோம்?

வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள், இவர்களைப் பார்த்துக்கொள்வதில் உள்ள சிக்கல்களை எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். சேலம், ஆத்தூர், ஏற்காடு பக்கமிருந்து வந்த கடிதங்களைப் பிரித்தால் கையெழுத்துதான் வேறு, கேள்வி ஏறக்குறைய ஒன்றே: "நல்ல ஹோம் ஒன்று சொல்லுங்கள்." இருபத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருந்தவளிடம் ஒரு பட்டியல் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். இருக்கிறது, சின்னப் பட்டியல்தான். அதை எடுப்பதற்கு முன்னால் நான் உங்களைச் சில கேள்விகள் கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

*

"அக்கா, மாமனாருக்கு 74 வயது. தறி ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் பெங்களூரில், மாதம் ரெண்டு தடவை வருவார். உள்ளூரில் இருக்கும் நாத்தனார் இருவரும் வந்து எட்டிப் பார்த்து, 'நல்லாப் பார்த்துக்கறே' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ராத்திரி மூன்று தடவை எழுப்புகிறார். எனக்கு இடுப்பு போய்விட்டது. ஹோமில் விட்டால் ஊர் என்ன சொல்லும்?"
— வாசகி, அம்மாபேட்டை

ஊர் ஒரு ராத்திரி வந்து உங்கள் பாயில் படுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

முதலில் ஒரு விஷயம். 2007-ஆம் வருட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்றால் யார் என்று எழுதியிருக்கிறது: மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அதில் இல்லை. நாத்தனார்கள் இருக்கிறார்கள்! சண்டைக்கு இழுக்கச் சொல்லவில்லை. அடுத்த முறை 'நல்லாப் பார்த்துக்கறே' என்று வந்தால் காபி கொடுத்துவிட்டு, "சனி ராத்திரி ஒருத்தர், புதன் ராத்திரி ஒருத்தர் வந்து படுத்துக்கங்க" என்று கிழமையைச் சொல்லிக் கேளுங்கள். 'கொஞ்சம் உதவி பண்ணுங்க' என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள், கிழமையைச் சொல்லிக் கேட்டால் மறுப்பதற்குக் கூச்சமாக இருக்கும்.

உங்களை உடைப்பது இரண்டே வேலை, ராத்திரி எழுப்புவதும் ஆளைத் தூக்குவதும். மற்றதெல்லாம் நீங்கள் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். ஒன்றுக்குப் போகத்தான் எழுப்புகிறார் என்றால் யூரின் கேனை அவருக்கு வேலை செய்கிற இடது கைப் பக்கமாகக் கட்டிலில் மாட்டுங்கள். மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டி, நீர் பிரியும் மாத்திரை எந்த நேரத்துக்கு என்று கேளுங்கள், ஏனென்றால் காலையில் கொடுக்க வேண்டியதை ராத்திரி கொடுத்துவிட்டு விடிய விடிய முழித்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தூக்கும்போது விழுந்த பக்கத்துக் கையையோ அக்குளையோ பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும். தறிக்காரர் வீட்டில் கனமான போர்வைக்கா பஞ்சம்? ஒன்றை நாலாக மடித்து முதுகிலிருந்து தொடைவரை அடியில் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் போர்வையோடு நகர்த்துங்கள், ஆளை இழுக்கிற வேலையே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும். காற்று ஏறி இறங்கும் ஏர் பெட் வாங்கிப் போட்டால் கொஞ்சம் சௌகரியம், ஆனால் அது இருக்கிறதே என்று புரட்டாமல் விடக்கூடாது.

அப்புறம், அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் வீட்டுக்கு வந்து செய்யும் பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புச் சிகிச்சையும் உண்டு. பட்டியலில் பெயர் இருந்தால்தான் வருவார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸோடு போய், பெயரை எழுதிக்கொண்டார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

குளியலறை வாசலில் கல் படி இருக்கிறதா? சேலம் குகைப் பகுதியில் எங்கள் பழைய வீட்டில் நாலு விரற்கடை உயரத்துக்கு ஒரு படி இருந்தது, தண்ணீர் வெளியே வரக்கூடாது என்று எந்தக் காலத்திலோ வைத்தது. மாமியார் அதில் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, பிறகு எழுந்து நடக்கவே இல்லை. கொத்தனார் வந்து அந்தப் படியைத் தட்டி எடுக்க அரை நாள்கூட ஆகவில்லை. விழுந்த பிறகுதான் தட்டினோம் என்பது இன்னும் எனக்கு உறுத்தல். உங்கள் மாமனார் எழுந்து நடக்க ஆரம்பிக்கும் முன்பே தட்டிவிடுங்கள், கையைப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு முடியவில்லையா, பதினைந்து நாள், ஒரு மாதம் என்று தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம் பாருங்கள். உங்கள் இடுப்பு தேறட்டும். அது கைவிடுவது ஆகாது.

*

"மேடம், ரயில்வேயில் ரிடையர் ஆனவன். மகனுக்கு 31 வயது, அறிவுசார் குறைபாடு. தானே குளிப்பான், சாப்பிடுவான், ஜங்ஷனில் எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டால் டக்கென்று சொல்வான். காசுக் கணக்கு மட்டும் தெரியாது. எனக்கு 68, மனைவிக்குச் சர்க்கரை. எங்களுக்குப் பிறகு அவன்? மகள் 'நான் பார்த்துக்கறேன்' என்கிறாள், மாப்பிள்ளை ஒன்றும் சொல்வதில்லை. ஒரு ஹோமில் மொத்தமாகப் பணம் கட்டினால் ஆயுசுக்கும் பார்த்துக்கொள்வார்களாம், கட்டிவிடலாமா?"
— வாசகர், சூரமங்கலம்

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாததும் ஒரு பதில்தான் சார். மகளை நெருக்காதீர்கள்.

மொத்தப் பணம் கட்டாதீர்கள். அந்த இடம் நாளைக்கு மூடினாலும், கை மாறினாலும், மகனுக்குப் பிடிக்காமல் போனாலும் உங்களால் திருப்பி வாங்க முடியாது. மாதாமாதம் கட்டினால் பேசுவதற்கு உங்கள் கையில் ஏதாவது இருக்கும்.

காகிதங்களை முதலில் பார்ப்போம். பதினெட்டு வயது முடிந்த பிறகு பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி தானாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. நிறைய பேர் பேங்கில் கையெழுத்துப் பிரச்சனை வரும்போதுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நாலுக்கும் 1999-ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு பாதுகாவலர் சான்று தரும். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். இப்போது உங்கள் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு, உங்களுக்குப் பின் யார் என்பதையும் எழுத்தில் வையுங்கள். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உண்டு, முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்கமாட்டார்கள். மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு அவன் தகுதியா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது உங்கள் பென்ஷன். தானே சம்பாதித்துப் பிழைக்க முடியாத பிள்ளைக்கு, பெற்றோர் இருவருக்கும் பிறகு குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்க வரும். ஆனால் அவன் பெயரும் குறைபாட்டு விவரமும் உங்கள் பென்ஷன் உத்தரவில் ஏறியிருக்க வேண்டும். நீங்கள் இருக்கும்போது இதை முடிப்பது ஒரு வேலை, நீங்கள் போன பிறகு உங்கள் மகள் முடிப்பது பத்து வேலை. சேலத்திலேயே 2007-லிருந்து ரயில்வே கோட்ட அலுவலகம் இருக்கிறது, பாலக்காட்டுக்கு அலைய வேண்டியதில்லை. இந்த வாரமே போங்கள். வீட்டை நேராக அவன் பெயருக்கு எழுதிவிடாதீர்கள். யாராவது கட்டை விரலைப் பிடித்து அழுத்தினால் போயிற்று. நல்ல வக்கீலாகப் பார்த்து ஒரு தனி அறக்கட்டளை எழுதலாமா என்று கேளுங்கள்.

சரி, எங்கே இருப்பான்? இதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். ஹோம் என்றதும் நாற்பது கட்டில் வரிசையாகப் போட்ட ஹாலை மனதில் வைத்துக்கொண்டு பயப்படுகிறோம், இல்லாவிட்டால் அதை விட்டால் வேறு வழியில்லை என்று ஒப்புக்கொள்கிறோம். நடுவில் ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் நரசோதிப்பட்டி பக்கம் ஒரு சாதாரண வாடகை வீடு எடுத்தார்கள். மூன்று பையன்கள், கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள கணவன் மனைவி இருவர், அவர்களுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு, அன்றைக்குப் பெற்றோர் முறை. தேசிய அறக்கட்டளையிலேயே சமர்த் கம் கரோண்டா என்ற பெயரில் இப்படிக் குழு இல்லத்துக்கான திட்டம் உண்டு, ஆனால் இவர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. முதலில் சனிக்கிழமை ராத்திரி மட்டும் பையன்களை அங்கே தங்க வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு ராத்திரி. ஒருவனுக்கு டீ போடச் சொல்லிக்கொடுத்தார்கள். பால் பொங்கி மேலே வரும்போது கை தட்டிச் சிரிப்பானே தவிர அடுப்பை அணைக்கமாட்டான். கேஸை மாற்றி இண்டக்‌ஷன் அடுப்பு வைத்து, அணைக்கிற பட்டன்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அப்படியும் எட்டு மாதம் ஆனது. இப்போது நான் போனால் அவன்தான் டீ போடுகிறான். சர்க்கரை தூக்கலாக இருக்கும்.

இதற்குப் பத்து வருடம் ஆனாலும் ஆகட்டும், நீங்கள் திடமாக இருக்கும்போதே தொடங்குங்கள். நீங்கள் போன மறுநாள் அவன் முதல்முறையாக வேறொரு வீட்டில் தூங்கக் கூடாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அவன் நாளை எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு எழுவான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், எந்த மாத்திரை, கோபம் வந்தால் எப்படி அடங்குவான், பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எந்த வண்டியைப் பார்க்கப் பிடிக்கும். மகளுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய வேலை அவனை வீட்டில் வைத்துக்கொள்வது அல்ல. வாரம் ஒரு முறை முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்ப்பது, கணக்கைக் கேட்பது, கையெழுத்துப் போடுவது. அதற்கு மாப்பிள்ளையும் வாயைத் திறந்து சரி என்று சொல்லக்கூடும்.

*

"அண்ணனுக்கு மனச்சிதைவு நோய், வயது 42. ஐந்து வருடமாக ஒரு தனியார் இல்லத்தில் இருக்கிறார். மாத்திரையில் நன்றாகத் தேறிவிட்டார், டாக்டரே சொல்கிறார். வெளியே வர ஆசைப்படுகிறார். எங்கள் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை, ஆசிட், நெருப்பு எல்லாம் இருப்பதால் அம்மா பயப்படுகிறார். 'குடும்பம் கூட்டிப்போனால்தான் விடுவோம்' என்கிறது இல்லம்."
— வாசகர், சிவதாபுரம்

நல்லா இருக்கிறார் என்று டாக்டர் சொன்ன பிறகும் உள்ளேயே இருக்கிறார். இது உங்கள் அண்ணன் ஒருவர் கதை இல்லை.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. வெளியில் ஆதரவோடு வாழ்வதற்கான வீடுகளுக்கு ஏற்பாடு செய்வது அரசின் பொறுப்பு என்றும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் செத்தது உங்களுக்கு நினைவிருக்கும். சங்கிலியால் கட்டுவதையே இந்தச் சட்டம் தடை செய்கிறது. கட்டாமல், பூட்டி மட்டும் வைத்தால் சரியாகிவிடுமா? இல்லம் பிடிவாதமாக இருந்தால், இதே சட்டப்படி புகாரை விசாரிக்கும் மனநல ஆய்வு வாரியத்துக்கு அண்ணனே எழுதலாம். அவர் கையெழுத்தே போதும், உங்களுடையது வேண்டும் என்பதில்லை.

வீட்டுக்குத்தான் கூட்டிவர வேண்டும் என்றும் இல்லை. அம்மாவின் பயத்தைக் குறை சொல்லமாட்டேன், பட்டறை வீட்டில் ஆசிட்டைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதுதான். சென்னையில் 1993-ல் தொடங்கிய பான்யன் அமைப்பு 2015-லிருந்து 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்று நடத்துகிறது. பல வருடம் மனநல நிலையத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேராக, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில், கூட ஓர் உதவியாளரோடு இருப்பார்கள். தாங்களே சமைப்பார்கள், கடைக்குப் போவார்கள், அக்கம்பக்கத்தாரோடு சண்டையும் போடுவார்கள். அதே யோசனையைச் சின்னதாக நீங்களும் செய்யலாம்: உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் அறை. சாப்பாடு உங்கள் வீட்டிலிருந்து, மாத்திரை ராத்திரி நீங்கள் போகும்போது. ஆசிட் பக்கம் போகாத வேலை பட்டறையில் எத்தனையோ இருக்கிறது, வளையம் கோர்க்கலாம், எடை போட்டு எழுதலாம். வேலைக்குக் கூலியும் கொடுங்கள், தம்பி வீட்டில் சும்மா சாப்பிடுகிறோம் என்ற நினைப்பு ஆளைத் தின்றுவிடும்.

வீட்டுக்காரர் வாடகைக்குத் தரமாட்டார், அதுதான் பெரிய பாடு. பொய் சொல்லி எடுக்காதீர்கள், ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். உங்களை நன்றாகத் தெரிந்தவராகப் பார்த்து, ஒப்பந்தத்தை உங்கள் பெயரில் போட்டு, ஏதாவது என்றால் எந்த நேரத்திலும் என் நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ராத்திரி பதற்றம் என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். முன் கடிதத்தில் சொன்ன பாதுகாவலர் சான்று உங்கள் அண்ணனுக்குப் பொருந்தாது, மனநோய் அந்த நாலு வகையில் வராது. அதற்குப் பதிலாக 2017 சட்டப்படி சிகிச்சை முடிவுகளில் தன் சார்பில் நிற்கும் நியமனப் பிரதிநிதி யார், மறுபடி நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அவரே இப்போது எழுதி வைக்கலாம். தெளிவாக இருக்கும்போது எழுதட்டும்.

*

"சாமி, எனக்கு எழுதத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுது. காட்டையும் வீட்டையும் மகன் பேருக்கு செட்டில்மென்ட் பண்ணிக் கொடுத்தேன். இப்ப திண்ணையில படுக்கச் சொல்றான். ஏதாவது ஆசிரமம் இருந்தா சொல்லுங்க, போயிடறேன்."
— ஆத்தூர் அருகே, 69 வயது அம்மா

அம்மா, நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். உங்கள் வீட்டைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அந்தப் பிள்ளையையே ஆத்தூர் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அவர்தான் 2007 சட்டத்தின் தீர்ப்பாயம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம், 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். 23-ஆம் பிரிவுப்படி, பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து அவன் பார்க்கவில்லை என்றால் பத்திரத்தையே ரத்து செய்யலாம். நிபந்தனை இருக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை வயதானவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அதனால் பத்திரத்தில் எழுதவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், மனு கொடுங்கள். அது வரைக்கும் 14567 என்று ஒரு இலவச எண், வயதானவர்களுக்கு மட்டும், காலை 8 முதல் இரவு 8 வரை. பேசினால் அவர்களும் வழி சொல்வார்கள்.

இன்னும் எழுதிக் கொடுக்காத மற்றவர்களுக்கு: பத்திரத்தில் 'என்னை ஆயுள் வரை பராமரிக்க வேண்டும், நான் இந்த வீட்டிலேயே வசிப்பேன்' என்ற வரியைப் போடச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுபவர் 'அதெல்லாம் எதுக்குங்க, பெத்த பிள்ளைதானே' என்பார். போடச் சொல்லுங்கள்.

*

"அப்பா அம்மாவுக்கு ஏற்காட்டில் ஒரு வில்லா வாங்கி அமைதியாக இருக்க வைக்கலாம் என்று நினைக்கிறேன். நான் டெக்சாஸில் இருக்கிறேன்."

யாருடைய அமைதிக்கு என்று கேட்டுவிட்டீர்களா? அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்கு இளைப்பு என்று அதே கடிதத்தில் கீழே எழுதியிருக்கிறீர்கள். மார்கழியில் பக்கத்து மரம் தெரியாத பனிமூட்டம், ராத்திரி நெஞ்சு வலி வந்தால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போக வேண்டும். சேலம் ஐந்து ரோட்டில் இப்போது இருக்கும் வீட்டிலேயே லிஃப்ட் வைத்து, காலையில் ஒருவர் மாலையில் ஒருவர் என்று ஆள் போட்டுக் கொடுங்கள். அவர்களுடைய கோயில், காய்காரம்மா, எதிர்வீட்டு மாமி எல்லாம் அங்கேதான். ஏற்காட்டுக்குக் கோடையில் ஒரு வாரம் கூட்டிப்போங்கள், நீங்களும் வந்து.

*

"எங்கள் ஊர் நாகலூரிலிருந்தும் உள்ளே போக வேண்டும். வாலிபப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போய்விட்டார்கள். தாத்தா பாட்டி பதினொரு பேர் தனியாக. போன மழையில் ஒரு தாத்தா செத்து ரெண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. முதியோர் இல்லம் கட்டித் தரச் சொல்லி அரசுக்கு மனு எழுதித் தாருங்கள்."
— மகளிர் குழு உறுப்பினர், ஏற்காடு

தங்கச்சி, மனு எழுதித் தருகிறேன், ஆனால் இல்லம் கட்டச் சொல்லி அல்ல. கட்டினால் சேலத்தில் கட்டுவார்கள். காபித் தோட்டத்தில் மிளகுக் கொடியையும் ஆட்டுக்குட்டியையும் விட்டுவிட்டு உங்கள் பாட்டிமார் கீழே இறங்கி வருவார்களா? வந்தாலும் எத்தனை நாள் இருப்பார்கள்?

ரெண்டு நாள் தெரியாமல் போனது ஏன்? காலையில் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அதற்குக் கட்டடம் தேவையில்லை. உங்கள் குழுவில் ஒருவர் தினமும் காலையில் பதினொரு வீட்டுக்கும் ஒரு சுற்று வரட்டும். டீ குடித்தார்களா, மாத்திரை இருக்கிறதா, அடுப்பு எரிந்ததா என்று பார்க்கட்டும். சும்மா அல்ல, ஊதியத்தோடு. அந்த ஊதியத்தைத்தான் ஊராட்சியிடம் கேட்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருடத்தில் ஆறு கிராம சபை. பதினொரு பேரின் பெயர், வயது, யாருக்கு என்ன முடியவில்லை என்று எழுதி எடுத்துக்கொண்டு போய் வாசியுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை எழுந்து வராதீர்கள். பட்டியல் இருந்தால் மற்றதெல்லாம் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும்: மாதம் 1,200 ரூபாய் முதியோர் பென்ஷன் யாருக்கு விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும், 2025 ஆகஸ்ட்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் பொருள் வீட்டுக்கே வர வேண்டியவர்கள் யார் என்று தெரியும். கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள், மிளகு பறித்துப் பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே விழும்?

மதியச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடச் சத்துணவு மையத்தோடு சேர்த்துச் சமைக்க முடியுமா என்றும் கேளுங்கள், முதியோர் பென்ஷன்காரர்களுக்கு அங்கே சாப்பாடு என்பது பழைய ஏற்பாடுதான். ஒரு நேரம் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் வராதவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும். சேலம் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனு கொடுக்கலாம், ஆனால் அதற்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவும் ஆகும். கிராம சபையில் முடிந்த மட்டும் முடித்துவிட்டு, நடக்கவில்லை என்றால் கீழே வாருங்கள். மனு ரசீதை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

*

"எல்லாம் பார்த்துவிட்டோம் அக்கா, எங்கள் அத்தைக்கு ஹோம்தான். பிள்ளை கிடையாது, மறதி நோய், அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விடுகிறார். பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது?"
— வாசகி, அஸ்தம்பட்டி

உங்களுக்கு ஹோம் சரிதான், தயங்க வேண்டாம்.

பதிவுச் சான்று கேளுங்கள். சிரித்து மழுப்பினால் அப்படியே திரும்பிவிடுங்கள். சொல்லிக்கொண்டு ஒரு முறை போங்கள், சொல்லாமல் ஒரு முறை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், அப்போதுதான் ஆள் குறைவாக இருக்கும். ஆபீஸ் ரூமில் உட்காராதீர்கள், கக்கூஸ் எங்கே என்று கேட்டுப் போங்கள், தரை ஈரமாக இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். அங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி மொட்டை அடித்திருக்கிறதா? அவரவர் சேலையா, பொதுச் சேலையா? சொந்தமாக ஒரு பெட்டியாவது இருக்கிறதா? எட்டு மணிக்கே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தால் என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

பார்க்க வருபவர்களுக்கு என்ன விதி வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். நான் போன ஓர் இடத்தில் டைல்ஸ், ஏசி எல்லாம் பளபளப்பாக இருந்தது. ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தட்டுவடை செட் வாங்கிட்டு வந்தியா?" என்றார், என்னை யாரோ என்று நினைத்துக்கொண்டு. அடுத்த வாரம் கடையில் இரண்டு செட் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், பாட்டியைப் பார்க்கவும் அன்றைக்கு நேரம் முடிந்துவிட்டதாம். மணி நாலரை.

அந்த இடம் என் பட்டியலில் இல்லை.